ஆங்கில எழுத்துக்கூட்டலும் கரையோரத்துப் பிள்ளைகளும்

ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களையும் ஒரு கிழமைக்குள் மனனஞ் செய்துவிடும் பிள்ளைகள், பத்தாண்டு பள்ளிவாழ்வு கழிந்த பின்னும் ஓர் ஆங்கிலப் பத்தியை வாய்விட்டு வாசிக்கத் திணறுகின்றனர். வினாயகபுரத்திலும் திருக்கோவிலிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் ஆசிரியத் தொழில் புரிவோர் அனைவரும் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. பிள்ளைக்கு மூளை போதாது என்பது ஒன்று. பிள்ளையின் வீட்டில் ஆங்கிலம் இல்லை என்பது மற்றொன்று. முன்னது பொய். பின்னது உண்மை, ஆயினும், வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் அது ஏன் கிட்டவில்லை என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. விடை காண வேண்டுமாயின் அம்மொழியின் எழுத்து எவ்வாறு இந்நிலையை அடைந்தது என்பதையும், அவ்வெழுத்து எவ்வாறு எமது கரைக்கு வந்து சேர்ந்தது என்பதையும் நாம் ஆராய வேண்டும்.

முதலில் பிள்ளையின் இடர்ப்பாட்டை உள்ளவாறு காண்போம். தமிழில் எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்றே. 'ப' என்றும் 'ட' என்றும் 'ம்' என்றும் சேர்த்துச் சொன்னால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. 'ஸீ', 'ஏ', 'டீ' என்னும் மூன்று பெயர்களையும் எத்தனை முறை விரைந்து சொன்னாலும் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல் பிறக்காது. 'டபிள்யூ' என்பது ஓர் எழுத்தின் பெயர். 'இரட்டை யூ' என்பதே அதன் பொருள். அவ்வெழுத்து உணர்த்தும் வகர ஒலி அப்பெயரில் எங்கும் இல்லை. 'வை' என்று பெயர் பெற்ற எழுத்து சொல்லின் முதலில் யகரமாய் ஒலிக்கிறது. பெயரே ஒலியென்று தாய்மொழியிற் பழகிய பிள்ளை, ஆங்கில எழுத்தின் பெயரைக் கற்றுக்கொண்டதும் அதன் ஒலியையும் கற்றுவிட்டதாக எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் தவறென்று அதற்கு எவரும் சொல்வதில்லை.

இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. ஆங்கிலப் பேச்சில் ஏறத்தாழ 44 ஒலிகள் உள்ளன. அவற்றை எழுத வாய்த்தவையோ 26 எழுத்துக்கள். உயிரொலிகள் இருபதளவில் இருக்க, உயிரெழுத்துக்கள் ஐந்தே. ஆகவே ஓர் எழுத்து பல ஒலிகளைச் சுமக்கிறது. ஓர் ஒலி பல வடிவங்களில் எழுதப்படுகிறது. 'ஏ' என்னும் எழுத்துப் பூனையைக் குறிக்கும் சொல்லில் ஒருவாறும், பந்தைக் குறிக்கும் 'போல்' என்ற சொல்லில் வேறொருவாறும், முகத்தைக் குறிக்கும் 'ஃபேஸ்' என்ற சொல்லில் மற்றொருவாறும் ஒலிக்கிறது. இக்குழப்பத்தை மூளையால் வென்றுவிடலாம் என்று கூறுவோர், இது யாருடைய மூளையிலிருந்து பிறந்தது என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலத்துக்கென்று பிறந்த எழுத்தன்று இன்றைய ஆங்கில எழுத்து. 7ஆம் நூற்றாண்டளவில் கிறித்தவ மடங்களின் துறவிகள் இலத்தீன் மொழிக்குரிய உரோம எழுத்துக்களைக் கொண்டு ஆங்கிலத்தை எழுதத் தொடங்கினர். இலத்தீனில் இல்லாத ஒலிகளுக்கு எழுத்து வேண்டியிருந்தது. நாவின் நுனி பல்லைத் தொடப் பிறக்கும் ஒலிக்குத் 'தோர்ன்' என்னும் பழைய எழுத்தைத் தம் நாட்டு மரபிலிருந்தே எடுத்து அவர்கள் சேர்த்துக்கொண்டனர். அக்காலத்தில் எழுதியவாறு வாசித்தலும், வாசித்தவாறு எழுதுதலும் பெரும்பாலும் இயன்றன.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன் பின்னர் நெடுங்காலம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் இயங்கின. உழவனும் கொல்லனும் நெசவாளியும் ஆங்கிலம் பேசினர். தம் வழக்கைக் கேட்க நீதிமன்றம் சென்றால் அங்கு நடப்பது அவர்களுக்கு விளங்கவில்லை. 1362இல், வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்காமையே அதற்குக் காரணமாக அச்சட்டத்தில் காட்டப்பட்டது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக் கொள்ளலாம். இன்று உலகெங்கும் உத்தியோக மொழியாய் வீற்றிருக்கும் ஆங்கிலம், ஒரு காலத்தில் தன் சொந்த நாட்டிலேயே வாயில் மறுக்கப்பட்ட சுயபாஷையாக இருந்தது. இச்செய்தியை எம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

பிரெஞ்சு பயின்ற எழுத்தர்கள் தம் வழக்கப்படியே ஆங்கிலத்தை எழுதினர். பழைய எழுத்துக்கள் மெல்ல மெல்ல மறைந்தன. தோர்ன் இருந்த இடத்தில் 'டீ', 'எச்' என்னும் இரண்டு எழுத்துக்கள் நின்றன. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சுக்கூடம் வந்ததும் சொற்களின் வடிவம் உறையத் தொடங்கியது. ஆனால் மக்களின் வாயோ உறையவில்லை. அச்சு பரவிய அதே நூற்றாண்டுகளில் ஆங்கில நெட்டுயிர்கள் அனைத்தும் இடம் பெயர்ந்தன. வீட்டைக் குறிக்கும் 'ஹூஸ்' என்பது 'ஹவுஸ்' ஆயிற்று. பெயரைக் குறிக்கும் சொல் முன்னர் 'நாம' என்றே ஒலித்தது. வடமொழியின் 'நாமம்' அதற்கு உறவுமுறைச் சொல். பின்னர் அது 'நேம்' ஆயிற்று. ஒலி மாறியது, எழுத்து மாறவில்லை. 'நைட்' என்றால் இரவு. வேறோர் எழுத்துக்கூட்டலில் 'நைட்' என்றால் குதிரைவீரன். பின்னதன் தலையில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாய்திறந்து ஒலித்த எழுத்து. இரண்டு சொற்களின் நடுவிலும் நிற்கும் 'ஜீ', 'எச்' என்பன தொண்டையில் உரசிப் பிறந்த மூச்சொலிக்கு அடையாளம். இன்றும் ஜெர்மானிய மொழியின் உறவுச் சொற்களில் அவ்வொலி கேட்கிறது. நம் பிள்ளை வாசிக்கத் திணறும் ஊமை எழுத்துக்கள் பல, செத்துப்போன ஒலிகளின் நடுகற்களே.

வேறு சில ஊமை எழுத்துக்களோ ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பகர ஒலியுமில்லை, அதற்குரிய எழுத்துமில்லை. இலத்தீன் கற்ற புலவர்கள் அம்மொழியின் 'தெபிதும்' என்ற மூலத்தை நினைவூட்டுவதற்காக நடுவே ஓர் எழுத்தைச் செருகினர். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதில் நிற்கும் 'எஸ்' அதனினும் வேடிக்கையானது. இலத்தீனின் 'இன்சுலா' என்பதோடு அச்சொல்லுக்கு எவ்வித உறவும் இல்லாதிருக்க, உறவு உண்டென்று கருதி வைத்துவிட்ட எழுத்து அது. ஏழையின் பிள்ளை இவ்வெழுத்துக்களை விட்டு எழுதினால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். உண்மையில் அப்பிள்ளை, புலவர் செருகுவதற்கு முன்னிருந்த பழைய ஆங்கிலேயன் எழுதியவாறே எழுதியிருக்கிறது!

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி இந்த வடிவங்களுக்கு அதிகாரத்தை அளித்தது. அன்று முதல் எழுத்துக்கூட்டல், கற்றோனையும் கல்லாதோனையும் பிரித்துக் காட்டும் அளவுகோலாய் வலுப்பெற்றது. இங்கிலாந்தின் பாட்டாளிப் பிள்ளைகளும் இவ்வேலியில் முட்டிக் காயமுற்றவர்களே. பெர்னார்ட் ஷா 1950இல் மறைந்தபோது, ஆங்கிலத்துக்குப் புதிய எழுத்து வகுப்பதற்கெனத் தம் உயிலில் பணம் ஒதுக்கிச் சென்றார். 1961 முதல் ஜேம்ஸ் பிற்மனின் தொடக்கநிலை எழுத்துமுறை அந்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் பரிசோதிக்கப்பட்டது. எழுத்தை மாற்றும் முயற்சிகள் நிலைக்கவில்லை. 2006இல் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கையை ஏற்று, எழுத்துக்குரிய ஒலியை முறையாக, படிப்படியாகக் கற்பிக்கும் வழியை இங்கிலாந்து தன் பள்ளிகளில் கைக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகிய பிள்ளைகளுக்கே ஒலிவழிப் போதனை வேண்டியிருக்கிறது. எம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு அது வேண்டாமென்று எவர் கூற முடியும்?

இனி, இவ்வெழுத்து எம் கரைக்கு வந்த வரலாற்றைக் காண்போம். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன் அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் தொடக்கிய பள்ளிப்பணி நிலைத்தது. அம்பாறை தனி மாவட்டமாகும் 1961 வரை கல்முனையும் திருக்கோவிலும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்தையே சேர்ந்திருந்தன. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்-கமரன் சீர்திருத்தங்கள் அரசாங்கத்தின் கல்விப் பணத்தை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பின; ஆங்கிலம் அறிந்தோருக்கு உத்தியோக வாயில் திறக்கும் என்ற விதியும் அப்போதே வேரூன்றியது. வெள்ளையரைச் சம்பளம் கொடுத்து அழைத்து வருவதினும் இந்நாட்டவரை இலிகிதராக அமர்த்துவது ஆட்சிக்கு மலிவு. இவ்வாறு இருவகைப் பள்ளிகள் தோன்றின. கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளி ஒருபுறம். கட்டணமில்லாச் சுயபாஷைப் பள்ளி மறுபுறம். முன்னதிற் பயின்றவன் கச்சேரிக்குச் சென்றான். பின்னதிற் பயின்றவன் வயலுக்கும் தோணிக்கும் திரும்பினான்.

அந்த ஆங்கிலப் பள்ளிகளில் எழுத்துக்களைப் பெயரால் ஒப்புவித்து, சொல்லை மனத்தில் இருத்தும் முறையே பெரிதும் வழங்கியது. வீட்டில் ஆங்கிலம் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அது போதியதாயிருந்தது. 'ஸீ, ஏ, டீ' என்று சொல்லி முடிக்குமுன் அப்பிள்ளையின் காதில் 'கேட்' என்ற சொல் முன்னரே காத்து நிற்கும். கேட்டறியாத பிள்ளைக்கு எதுவும் காத்து நிற்கவில்லை. வசதி படைத்தவனின் வீடு செய்த வேலையைப் பள்ளி தன் வெற்றியென்று கணக்கிட்டது; வசதியற்றவனின் தோல்வியை அவன் தலையெழுத்தென்று கூறிற்று. எமது வகுப்பறைகளில் இன்றும் வாழ்வது அந்தப் போதனாமுறையே.

வேலியைத் தாண்டியோர் இல்லாமலில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்னும் மாணவர், கல்முனையில் இருந்த மெதடிஸ்தப் பள்ளியிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். விபுலானந்த அடிகளாக உலகறிந்த அப்பெரியார், ஆங்கிலத்தைக் கற்று, அதனைக் கொண்டு தமிழை வளம்படுத்தினார். சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் 'மதங்க சூளாமணி'யை எழுதியவரும், 1947இல் 'யாழ்நூ'லை அளித்தவரும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1943இல் அமர்ந்தவரும் அவரே. முஸ்லிம் மக்களிடையே அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வியை அஞ்சி ஒதுங்குதல் தகாது என்று ஓயாது வலியுறுத்தினார். மதமாற்றத்தை எண்ணி மிஷன் பள்ளிகளை விட்டு விலகிநின்ற சமுதாயத்துக்கு, தன் சமயத்தையும் தமிழையும் விடாமலே ஆங்கிலம் கற்கும் வழியை அவர் காட்டினார். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ், அவ்வூரிலேயே முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவி அப்பணியைத் தொடர்ந்தார். இவர்களைப் போற்றும் நாம் ஒன்றை மறத்தலாகாது. ஒரு சிலர் வேலியைத் தாண்டினர் என்பது, வேலி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வேலியைப் பிடுங்கும் முதற்பெரும் முயற்சி 1945இல் நிகழ்ந்தது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி, போதனாமொழி ஆயிற்று. உழவன் மகனும் மீனவன் மகளும் பல்கலைக்கழகம் வரை செல்ல வழி பிறந்தது அதனாலேயே. அந்தச் சாதனையை எவரும் குறைத்துக் கூறுதல் கூடாது. ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபோது, அதனைக் கற்பிக்கும் முறையை மாற்றுவார் இல்லை. கற்பிக்கும் ஆசிரியரும் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபோது தமிழ் பேசும் மக்களுக்கு இன்னொரு வாயிலும் அடைபட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்று வகுத்தது. சட்டம் எவ்வாறிருப்பினும் உத்தியோகச் சந்தையில் ஆங்கிலத்தின் விலை குறையவேயில்லை. சிங்கள மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்கு இட்ட பட்டப்பெயர் 'கடுவ'. அதற்கு வாள் என்று பொருள். மொழி வேறாயினும் வெட்டுண்ட கழுத்து ஒன்றுதான். இன்று பணமுள்ளோர் சர்வதேசப் பாடசாலைகளையும் தனியார் வகுப்புக்களையும் நாடுகின்றனர். கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளியும் கட்டணமில்லாச் சுயபாஷைப் பள்ளியுமாகிய அந்தப் பழைய பிரிவினை, புதுப்பெயருடன் திரும்பியிருக்கிறது.

இந்நிலையில் ஆசிரியர் செய்யக்கூடியது யாது? எம் பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வரவில்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். எழுத்துக்கள் எவ்விடத்தில், எம்முயற்சியால் பிறக்கின்றன என்பதைப் 'பிறப்பியல்' என்று தனி இயலாகவே வகுத்தவர் தொல்காப்பியர். பல்லும் இதழும் இயைய வகரம் பிறப்பதை அவர் கூறியுள்ளார். பிள்ளைகளை அடிக்கடி தடுமாற வைக்கும் 'எஃப்' என்னும் எழுத்தின் ஒலிக்கும் அதுவே இடம். பல்லை இதழில் வைத்தவாறே, குரலை எழுப்பாது மூச்சை மட்டும் விட்டால் அவ்வொலி பிறந்துவிடும். பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், 'பெரிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் 'பிக்' என்ற ஒரே வடிவமே கிடைக்கும். இதனால் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்விரண்டு ஒலிகளும் தெரியா என்று முடிவு செய்வோர் பலர். 'பாம்பு' என்று சொல்லச் செய்யுங்கள். முதலெழுத்து வன்மையாகவும், மகர மெய்யை அடுத்து வரும் ஈற்றெழுத்து அதிர்ந்தும் ஒலிப்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். 'கிழங்கு' என்பதில் முதற் ககரமும் இறுதிக் குகரமும் அவ்வாறே. 'பட்டம்', 'பண்டம்' என்பவற்றின் டகரமும் அவ்வாறே. 'பாலம்' என்பதையும் 'பாலன்' என்ற பெயரையும் அடுத்தடுத்துச் சொன்னால் சொல்லின் முதலிலும் அவ்வேறுபாடு தோன்றும். ஒலிகள் பிள்ளையின் வாயில் உள்ளன. அவற்றுக்கு இரண்டு எழுத்துக்கள் உண்டென்று காட்டுவதே ஆசிரியர் பணி.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள முஸ்லிம் பிள்ளைகளிடம் இன்னொரு செல்வமும் இருக்கிறது. அவர்கள் சிறுபிராயத்திலேயே குர்ஆன் மத்ரஸாவில் அறபு எழுத்துக்களை ஓதிப் பழகுகின்றனர். ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடத்தை 'மக்ரஜ்' என்று அங்கு கற்பிக்கின்றனர். 'ஃபாத்திஹா' என்று திருத்தமாக ஓதும் நாவுக்கு 'எஃப்' புதிதன்று. 'ஸகாத்' என்பதன் முதலொலியை அறபு முறைப்படி உச்சரிக்கும் நாவுக்கு ஆங்கிலத்தின் கடைசி எழுத்தும் புதிதன்று. தோர்ன் என்ற எழுத்து குறித்த பல்லொலிகள் இரண்டும் அறபில் தனித்தனி எழுத்துடன் உள்ளன. இம்மக்களின் முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதியபோது, பகரத்துக்கும் டகரத்துக்கும் ணகரத்துக்கும் ளகரத்துக்கும் அறபில் எழுத்தில்லாமையைக் கண்டு, இருந்த எழுத்துக்களில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். எகர ஒகரங்களுக்கும் குறி வகுத்தனர். அறபுத்தமிழ் என்னும் அம்மரபில், ஒலிக்கேற்ப எழுத்து வளைந்தது. எழுத்துக்காக ஒலி நெரிக்கப்படவில்லை. ஆங்கிலத்துறவிகள் தொடங்கி, பின் வந்தோர் கைவிட்ட வேலையை எம் கரையில் வாழ்ந்தோர் நிறைவேற்றியிருக்கின்றனர்.

தமிழ்ப் பண்டிதரும் பிறப்பிடம் சொல்லிக் கற்பித்தார். மத்ரஸாவின் ஆசானும் பிறப்பிடம் சொல்லிக் கற்பிக்கிறார். வாயைப் பாராது எழுத்தின் பெயரை மட்டும் ஒப்புவிக்கச் செய்வது எம் ஆங்கில வகுப்பு ஒன்றே. அதனை மாற்றுவதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. எழுத்தின் பெயரைப் பின்னுக்குத் தள்ளி ஒலியை முன்வைத்தல், ஒழுங்கான சொற்களிலிருந்து தொடங்கி ஒழுங்கற்றவற்றுக்குச் செல்லுதல், இவ்விரண்டும் போதும். 'கிட்' என்பதன் இறுதியில் ஊமை 'ஈ'யைச் சேர்த்தால் 'கைட்' ஆவதையும், 'பின்' அவ்வாறே 'பைன்' ஆவதையும் கண்ட பிள்ளை, அதே விதியைக் கொண்டு கேட்டறியாத பல சொற்களைத் தானே வாசித்துவிடும். 1966இல் போல் ஹன்னாவும் அவருடைய குழுவினரும் 17,000க்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைக் கணினியிலிட்டு ஆராய்ந்தபோது, ஒலிவிதிகளை மட்டும் கொண்டே அவற்றுள் ஏறத்தாழப் பாதியைப் பிழையின்றி எழுத இயலும் என்று கண்டனர். எஞ்சியவற்றுள்ளும் பெரும்பகுதியில் ஒரே ஒரு பிழைதான் நேர்ந்தது. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டல் வெறுங் காடன்று; பாதையுள்ள காடு. பாதையைக் காட்டாமல் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, வழிதவறியது அதன் குற்றமென்று கூறுவது அறமாகாது.

ஒழுங்கற்ற சொற்களுக்கோ வரலாறு துணைநிற்கும். குதிரைவீரனின் தலையில் நிற்கும் ஊமை எழுத்தின் கதையைக் கேட்ட பிள்ளை அதனை எளிதில் மறவாது. அதனினும் மேலாக, தன் இடர்ப்பாடு தன் மூளையின் குறையன்று. அரசர்களும் எழுத்தர்களும் அச்சகத்தாரும் புலவர்களும் நூற்றாண்டுகளாக இட்ட முடிச்சு என்பதை அது உணரும். மனிதர் இட்ட முடிச்சை மனிதர் அவிழ்க்கலாம். வகுப்பின் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் உழவன் மகளுக்கும் மீனவன் மகனுக்கும் இந்த ஓர் எண்ணத்தை ஊட்டிவிட்டால், அடுத்தநாள் அவர்கள் வாய் திறப்பார்கள். அப்பொழுது அவர்கள் வாயைப் பார்த்து, நாவையும் இதழையும் பார்த்துக் கற்பிக்க நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.